கேத்லீன் டர்னருக்கு 'சீரியல் மாம்' சறுக்கலா?

பழைய ரீல்: 'சீரியல் மாம்' (1994) இப்போதுதான் பார்த்தேன். இயக்கம் ஜான் வாட்டர்ஸ். பால்டிமோர் புறநகரில் ஒரு பல் டாக்டரின் மனைவி பெவர்லி. வீட்டில் அன்பான அம்மா, வெளியே கொலைகாரி. மகனுடைய திகில் பட ஆர்வத்தைக் குறை சொன்ன கணக்கு வாத்தியார் மேல் காரை ஏற்றுகிறாள். 'பாடி ஹீட்'டில் (1981) அறிமுகமாகி, 'பெகி சூ காட் மேரீட்' (1986) படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை வரை போன கேத்லீன் டர்னர், இதில் பெவர்லியாக பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆபாச போன் போட்டுக்கொண்டிருக்கிறார். பாவமாக இருந்தது.

அரைடிக்கெட்: பாவமா! அவருடைய சிறந்த நடிப்பே இதுதான் என்பேன். நீங்கள் சொன்ன போன் காட்சியையே எடுத்துக்கொள்வோம். கார் நிறுத்தும் இடத்தைப் பறித்துக்கொண்டாள் என்பதுதான் பெவர்லியின் கோபம். முதலில் கெட்ட வார்த்தை. அப்புறம் டெலிபோன் கம்பெனி அதிகாரி மாதிரி குரலை மாற்றி, அதே பெண்ணிடம் பரிவாக விசாரிக்கிறாள். 'பாடி ஹீட்'டில் ஒருவனைக் கொலை வரை இழுத்துப் போன அந்தக் கரகரப்புக் குரல்தான் இங்கே அல்பச் சண்டைக்குப் பயன்படுகிறது. அவர் நடித்திருப்பதால்தான் இந்த நகைச்சுவையே வேலை செய்கிறது.

பழைய ரீல்: வீடியோ கேசட்டை ரீவைண்ட் செய்யாமல் திருப்பிக் கொடுத்ததற்காக ஒரு பாட்டியை ஆட்டுத்தொடையால் அடித்துக் கொல்வதும் நடிப்புதானா? ஓவர் ஆக்டிங் ஐயா.

அரைடிக்கெட்: மிகை காட்சியில் இருக்கிறது, அவர் முகத்தில் இல்லை. 'கேம்ப்' என்ற பாணியே வேண்டுமென்றே செய்யும் பகட்டும் மிகையும்தான். அதில் நடிப்பவரும் "பார், நான் தமாஷ் செய்கிறேன்" என்று கண்ணடித்துவிட்டால் படம் படுத்துவிடும். டர்னர் ஒரு இடத்தில்கூடக் கண்ணடிக்கவில்லை. கேசட் விஷயம் பெவர்லிக்கு உண்மையாகவே ஒழுக்கப் பிரச்சினை.

கணக்குப்பிள்ளை: நடுவில் வருகிறேன். செலவு சுமார் 1.3 கோடி டாலர், அமெரிக்க வசூல் 80 லட்சத்தைத் தொடவில்லை. தியேட்டரில் தோற்ற படம்.

பழைய ரீல்: அதைத்தான் சொல்கிறேன். 1991ல் அவருடைய 'வி.ஐ. வார்ஷாவ்ஸ்கி' படம் விழுந்தது, பிறகு இதுவும். பெரிய நாயகி வரிசையிலிருந்து அவர் இறங்கியதில் இந்தத் தேர்வுகளுக்குப் பங்கில்லையா?

அரைடிக்கெட்: தேர்வை விட உடம்புக்குப் பங்கு அதிகம். 90களின் தொடக்கத்திலேயே அவருக்கு முடக்குவாதம் வந்துவிட்டது. அதை வெளியே சொல்லவில்லை. மருந்தால் முகம் உப்பியதைப் பார்த்து, குடிக்கிறார் என்று ஊர் பேசியது. நாற்பதை நெருங்கும் நடிகைக்கு அந்தப் பேச்சு ஒன்று போதாதா? ஆனால் நாடக மேடை அவரை விடவில்லை. 2005ல் பிராட்வேயில் 'ஹூ'ஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்' நாடகத்தில், கணவனை வார்த்தையால் குத்தும் மனைவி மார்த்தாவாக நடித்து, அமெரிக்க நாடகத்துக்கான டோனி விருதுக்குப் பரிந்துரை பெற்றார். குடும்பத்தலைவி வேடத்துக்குள் விஷத்தை வைக்கும் வித்தை பெவர்லியிலேயே இருக்கிறது.

பழைய ரீல்: நோய் விஷயம் தெரியாமல் பேசிவிட்டேன், சரி. நீதிமன்றக் காட்சியும் பிடித்தது. வக்கீலை அனுப்பிவிட்டுத் தானே வாதாடி, சாட்சிகளை ஒவ்வொருவராகக் கவிழ்க்கும்போது அவர் முகத்தில் வரும் சந்தோஷம்! ஆனாலும், லேபர் டே (அமெரிக்காவில் செப்டம்பர் விடுமுறை; அதற்குப் பிறகு வெள்ளை அணியக்கூடாது என்பது அங்கே பழைய நாகரிக வழக்கம்) முடிந்த பிறகு வெள்ளைச் செருப்பு போட்டாள் என்று ஒரு ஜூரியை அடித்துக் கொல்வதெல்லாம் சலித்துவிட்டது.

கணக்குப்பிள்ளை: அந்த ஜூரியாக நடித்தவர் பாட்டி ஹெர்ஸ்ட். 1974ல் கடத்தப்பட்டு, கடத்தியவர்களோடு சேர்ந்து வங்கியைக் கொள்ளையடித்ததாகத் தண்டனை பெற்ற அதே பெண்.

பழைய ரீல்: அடப்பாவி, வாட்டர்ஸ்! இருங்கள், அந்தக் காட்சியை மறுபடி பார்த்துவிட்டு வந்து சண்டை போடுகிறேன்.