வடக்கு மாசி வீதி குடும்பம்: செல்வம் வாங்கிய சுரங்கம்

புஷ்பா: செல்வம், நீ கனடாவில் தங்கச் சுரங்கம் வாங்கிவிட்டாயாமே. நேற்று வளைகாப்பு வீட்டில் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாமல் இளித்துக்கொண்டு நின்றேன்

ராஜேந்திரன்: நான் யாரிடமும் சொல்லவில்லை

புஷ்பா: உன்னை யார் கேட்டது?

காவ்யா: சுரங்கமா!! செல்வம் மாமா, என் கல்யாணத்துக்கு ஒட்டியாணம் உங்கள் கணக்கு

கார்த்தி: எந்தச் சுரங்கம்

ராஜேந்திரன்: பிட் என்ற ஏரிப் பக்கமாம். வரைபடம் இருக்கிறதாம்

கார்த்தி: ஐயோ சித்தப்பா

புஷ்பா: எதற்கு ஐயோ?

மூர்த்தி: நான் சொல்கிறேன். போன வருடம் ஐந்து மாதம் செல்வம் வீட்டில் இருந்தபோது பகலெல்லாம் நூலகத்தில்தானே கிடந்தேன், அங்கே இதற்கு ஓர் அலமாரியே இருக்கிறது. பிட் ஏரி அவர்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். அந்த மலைகளில் ஸ்லுமாக் என்ற கிழவருக்கு மட்டும் தெரிந்த தங்கச் சுரங்கம் ஒன்று இருந்தது என்று நூறு வருடத்துக்கு மேலாகக் கதை. ஸ்லுமாக் உண்மையாக வாழ்ந்த ஆள், கேட்ஸி பழங்குடியைச் சேர்ந்தவர். 1890இல் லூயி பீ என்பவரைச் சுட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடினார், பல வாரம் ஒளிந்திருந்தார், கடைசியில் எலும்பும் தோலுமாக வந்து சரணடைந்தார். 1891 ஜனவரி 16 அன்று நியூ வெஸ்ட்மின்ஸ்டர் சிறையில் தூக்கிலிட்டார்கள். இதுவரை பதிவில் உள்ளது. இதற்கு மேல் கேட்பதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டது. சட்டைப்பை நிறையத் தங்கக் கட்டியோடு ஊருக்குள் வருவாராம், ஒவ்வொரு முறையும் ஒரு பெண்ணைக் கூட்டிப்போவாராம், அவள் திரும்ப மாட்டாளாம், தூக்குமேடையில் நின்று சுரங்கத்துக்குச் சாபம் விட்டாராம். வழக்கு நடந்தபோது வந்த செய்திகளில் தங்கத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. நான் கேட்கிறேன், தங்கம் வைத்திருந்தவர் ஏன் பட்டினி கிடந்து சரணடைகிறார்?

கார்த்தி: மாமா அடுத்த முறை ஒரே வரியில்

காவ்யா: அப்பா நான் "கிழவர்" வரை படித்தேன்

புஷ்பா: கொலைகாரன் சுரங்கமா? வேறு கிடைக்கவில்லையா இவனுக்கு

ராஜேந்திரன்: பார்த்துத்தான் வாங்குவான் அவன்

செல்வம்: இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். 43 செய்தி. யாரும் சுரங்கம் வாங்கவில்லை. கூட வேலை பார்க்கிற ஒருவர் ஆகஸ்டில் ஆட்களோடு மேலே போகிறார், ஹெலிகாப்டர் செலவுக்குச் சிலர் பணம் போட்டிருக்கிறோம். கிடைத்தால் பங்கு. அவ்வளவுதான்

புஷ்பா: பங்கு!

ராஜேந்திரன்: ஈமு கோழிப் பண்ணையிலும் பங்குதான்

செல்வம்: அண்ணே, 2012 விஷயத்தை இன்னும் எத்தனை வருடம் இழுப்பீர்கள்?

ராஜேந்திரன்: அம்மாவின் காப்பு வட்டிக்கடையிலிருந்து திரும்பி வரும் வரை

புஷ்பா: அதை இங்கே பேச வேண்டாம். அம்மா, காவ்யா போனில் கேட்டுக்கொண்டிருக்கும்

காவ்யா: கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. "காப்பு கிடக்கட்டும், அந்தக் கோழி என்ன ஆச்சு" என்கிறது

கார்த்தி: ஹாஹா. காவ்யாவின் ஹேர் கிளிப்பை விழுங்கியதே

காவ்யா: மஞ்சள் பட்டாம்பூச்சி கிளிப். முழுசாக. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கழுத்து வழியாக இறங்கியது

கீதா: எனக்கு இதில் எதுவுமே தெரியாது. குழுவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். எவ்வளவு போட்டீர்கள்?

செல்வம்: வீட்டில் பேசலாம்

கீதா: வீட்டில்தான் இருக்கிறேன். மாடியில்

(செல்வம் ஒரு செய்தியை நீக்கினார்)

ராஜேந்திரன்: நான் படித்துவிட்டேன்

புஷ்பா: எவ்வளவு

ராஜேந்திரன்: அவனே சொல்லட்டும்

மூர்த்தி: பணம் கிடக்கட்டும், இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஏரியின் தென்முனையில் படகுத்துறை வரைதான் ரோடு, அதற்கு மேல் படகு. இரு பக்கமும் செங்குத்து மலை, மேலே பனிப்பாறை. அந்த மலை பெரும்பாலும் கிரானைட், அதில் பெரிய தங்கம் இருக்க வாய்ப்பு குறைவு என்பது புவியியல் படித்தவர்கள் பேச்சு. வால்கானிக் பிரவுன் என்று ஒரு கிழவர், அவர் நிஜமாகவே தாமிரச் சுரங்கம் கண்டுபிடித்த அனுபவசாலி, அவரே வருடா வருடம் அங்கே ஏறி 1931இல் திரும்பவே இல்லை. தேடிப் போனவர்களுக்குக் கூடாரமும் ஒரு ஜாடியில் கொஞ்சம் தங்கமும்தான் கிடைத்தன என்பார்கள்

செல்வம்: பார்த்தீர்களா, தங்கம் கிடைத்திருக்கிறது

மூர்த்தி: ஆள் கிடைக்கவில்லை மாப்பிள்ளை

கார்த்தி: சித்தப்பா ஒன்று மட்டும். பங்கு என்றால் எந்த இடத்தில்? இங்கே சுரங்க உரிமை எல்லாம் அரசுப் பதிவில் இருக்கும், 2005லிருந்து இணையத்திலேயே பதிகிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவரிடம் பதிவு எண் கேளுங்கள். ஏரிக்குக் கிழக்கே கோல்டன் இயர்ஸ் பூங்கா, மேற்கே பைன்கோன் பர்க் பூங்கா. மாகாணப் பூங்காவுக்குள் உரிமையே பதிய முடியாது

செல்வம்: இடம் இன்னும் முடிவாகவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தானே போகிறார்கள்

கார்த்தி: சரி

ராஜேந்திரன்: சரி

கீதா: சரி

புஷ்பா: ஏன்டா, தங்கம் என்றால் அந்த நாட்டில் வேறு எங்குமே இல்லையா? நிஜமாகக் கிடைத்த இடம்?

மூர்த்தி: நல்ல கேள்வி. 1858இல் பிரேசர் ஆற்று மணலில் தங்கம் என்று கேள்விப்பட்டு, பெரும்பாலும் கலிபோர்னியாவிலிருந்து, 30,000 பேர் வரை வந்து இறங்கினார்கள். அந்த வருடமே பிரிட்டிஷ் கொலம்பியா என்று தனிக் காலனி அறிவித்ததே அதனால்தான். அங்கே ஏற்கெனவே இருந்த நிலாகபாமுக் மக்களின் ஊர்களைக் கொளுத்தினார்கள், சண்டை நடந்தது, ஸ்பின்ட்லம் என்ற தலைவர் பேசிச் சமாதானம் செய்யாவிட்டால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ. அப்புறம் வடக்கே கரிபூ மலைப்பக்கம். 1862 ஆகஸ்டில் வில்லியம்ஸ் ஓடையில் பில்லி பார்க்கர் ஏறக்குறைய 50 அடி தோண்டித் தங்கம் எடுத்தார். அதைச் சுற்றி எழுந்த ஊர்தான் பார்க்கர்வில். 1868 செப்டம்பரில் ஊரே எரிந்தது, துணி தேய்த்துக்கொண்டிருந்த நடனப்பெண்ணிடம் ஒருவன் முத்தம் கேட்டு இழுக்க அடுப்புக் குழாய் சரிந்தது என்று கதை

புஷ்பா: பேரன் பேத்தி இருக்கிற குழு இது

மூர்த்தி: வரலாறு புஷ்பா

புஷ்பா: முத்தம் இல்லாத வரலாறாகப் போடுங்கள்

கார்த்தி: பார்க்கர்வில் போன கோடையில் போனேன், எனக்கு இங்கே பிரின்ஸ் ஜார்ஜிலிருந்து பக்கம்தான். தரையிலிருந்து தூக்கிக் கட்டிய மரவீடுகள், சுரங்கத்திலிருந்து கொட்டிய மண்ணும் கல்லும் தெருவுக்குள்ளேயே வருமாம். சீனர்கள் பகுதி தனியாக இருக்கிறது, அவர்களுடைய சங்கக் கட்டடம் அப்படியே நிற்கிறது. கோடையில் அந்தக் காலத்து உடை போட்டு ஆட்கள் நிற்பார்கள், நம்மிடம் அந்தக் காலத்து ஆளாகவே பேசுவார்கள். காசு கொடுத்தால் தட்டில் மணல் அலசலாம். சாய்த்துச் சாய்த்துத் தண்ணீரோடு மணலை வெளியே விட வேண்டும், கனம் என்பதால் தங்கம் அடியில் தங்கும். விரல் மரத்துப்போச்சு. கடைசியில் தட்டு ஓரத்தில் கறுப்பு மணலோடு நாலு மினுக்கு. ஊதினால் பறந்துவிடும்

காவ்யா: அதை வைத்துக்கூட ஒட்டியாணம் வராது

மூர்த்தி: கார்த்தி, காமரூன் கல்லறை பார்த்தாயா?

கார்த்தி: இல்லை மாமா மழை

மூர்த்தி: அடடா. வதந்தி என்றால் அதுதான் வதந்தி. கரிபூ காமரூன் என்று பெயர், தங்கம் தோண்ட வந்தவர், 1862இல் அவர் மனைவி சோபியா அங்கேயே காய்ச்சலில் இறந்துவிட்டாள். சொந்த ஊரில் புதைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். உறைகிற குளிரில் சவப்பெட்டியைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்தார்கள். விக்டோரியாவுக்கு வந்ததும் பெட்டியில் சாராயம் ஊற்றி அடைத்து, அங்கிருந்து கப்பலில் பனாமா வழியாக நாட்டின் அந்தக் கோடிக்கு, ஒன்டாரியோவுக்கு. ஊர் சும்மா இருக்குமா? உள்ளே தங்கம்தான் இருக்கிறது என்றார்கள், வேறு என்னவெல்லாமோ சொன்னார்கள். பத்து வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு 1873இல் பெட்டியைத் தோண்டி எடுத்துத் திறந்து முகத்தைக் காட்டினார். அவளேதான். அத்தனை தங்கம் எடுத்த மனிதர் எல்லாவற்றையும் தொலைத்துத் திரும்பப் பார்க்கர்வில்லுக்கே வந்து 1888இல் இறந்தார். பார்க்கரும் அப்படித்தான், 1894இல் விக்டோரியாவில் கையில் காசில்லாமல்

கீதா: அந்தப் பெண் பாவம்

புஷ்பா: ஆமாம் கீதா. எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறான். உன் மூர்த்தி அண்ணனாக இருந்தால் ஏர்போர்ட் வரை வருவாரா தெரியாது

மூர்த்தி: இதில் நான் எங்கே வந்தேன்?

கீதா: மதினி, மூர்த்தி அண்ணன் வருவார். வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வருவார்

காவ்யா: செத்தேன்

மூர்த்தி: இன்னொன்று, அதே 1862இல் சுமை தூக்க 23 ஒட்டகம் கொண்டுவந்தார்கள்

ராஜேந்திரன்: எது

மூர்த்தி: ஒட்டகம். இரண்டு திமில். கோவேறு கழுதையைவிட இரண்டு மடங்கு சுமக்கும், தீனி குறைவு என்று கணக்குப் போட்டார்கள். கரடுமுரடான கல்லில் குளம்பில்லாத பாதம் கிழிந்தது. அதன் வாடை பட்டாலே மற்ற கழுதையும் குதிரையும் மிரண்டு சுமையோடு பள்ளத்தில் பாய்ந்தன. ஒரு ஒட்டகத்தைக் கரடி என்று நினைத்துச் சுட்டே விட்டார்களாம். கடைசியில் அவிழ்த்துவிட்டார்கள், பல வருடம் காட்டில் திரிந்தன

ராஜேந்திரன்: தீனி குறைவு, லாபம் இரண்டு மடங்கு. இதை எங்கேயோ கேட்டிருக்கிறேன்

கார்த்தி: ஹாஹாஹா அப்பா

செல்வம்: நான் குழுவை விட்டுப் போகிறேன்

புஷ்பா: போடா பார்க்கலாம்

காவ்யா: அம்மாச்சி கேட்கிறது, நான் எழுதுகிறேன்: "அங்கே ஆளே இல்லாத ஊரை விற்கிறார்களாமே, யார் வாங்குவார்கள்?"

கார்த்தி: கிட்சால்ட்டா இருக்கும். மாமா சொல்லுங்கள், சீக்கிரம்

மூர்த்தி: வடமேற்குக் கடற்கரையில், அலாஸ்கா எல்லைப் பக்கம். தங்கம் இல்லை, மாலிப்டினம், எஃகில் சேர்ப்பது. 1979இல் ஒரு சுரங்கக் கம்பெனி ஊரையே புதிதாகக் கட்டியது, வீடுகள், ஆஸ்பத்திரி, கடைவளாகம், நீச்சல்குளம். 1,200 பேர் வரை குடியேறினார்கள். 1982இல் விலை விழுந்தது, சுரங்கத்தை மூடினார்கள், எல்லாரையும் கிளப்பிவிட்டார்கள். ஒன்றரை வருடம்கூட முழுசாக வாழவில்லை. பிறகு பல வருடம் காவல்காரர் மட்டும் புல் வெட்டிக்கொண்டு இருந்தார். 2005 வாக்கில் அதை முழுசாக வாங்கியவர் கிருஷ்ணன் சுதந்திரன் என்ற தொழிலதிபர், சில மில்லியன் டாலர்

புஷ்பா: சுதந்திரனா? நம் பக்கத்துப் பெயர் மாதிரி இருக்கிறதே

காவ்யா: அம்மாச்சி: "எந்த ஊர்க்காரர், யார் வீட்டுப் பிள்ளை?"

மூர்த்தி: அது எழுதியிருக்கவில்லை அத்தை

காவ்யா: அம்மாச்சி: "கல்யாணம் ஆகிவிட்டதா?" இதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம், அடுத்து கார்த்தியிடம் வரும்

கார்த்தி: எனக்கு வகுப்பு இருக்கிறது

ராஜேந்திரன்: ராத்திரி எட்டு மணிக்கா?

புஷ்பா: வீடாவது வாங்கியிருக்கிறார் அந்த மனிதர். செல்வம், வாங்கினால் அப்படி வாங்கு. பணம் திரும்ப வருமா வராதா?

செல்வம்: கேட்டுப் பார்க்கிறேன் அக்கா

புஷ்பா: கேட்டுப் பார்க்காதே, வாங்கு. ஆவணியில் கல்யாணம், பவுன் விற்கிற விலையில் நான் ஒவ்வொரு கிராமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்

செல்வம்: வரைபடம் நிஜமானது அக்கா. 1901இல் ஜாக்சன் என்ற ஆள் சாவதற்கு முன் வரைந்தது. கூடாரம் மாதிரி ஒரு பாறை, அதற்குப் பக்கத்தில். நானே கையில் வைத்துப் பார்த்தேன், ஓரமெல்லாம் மஞ்சளாக

கார்த்தி: படம் இருந்தால் போடுங்கள் சித்தப்பா

(செல்வம் ஒரு படம் அனுப்பினார்)

ராஜேந்திரன்: தாளை டீயில் முக்கிய வாசனை இங்கே வரை வருகிறது

கார்த்தி: சித்தப்பா. வலது பக்கம் கீழே பெரிதாக்கிப் பாருங்கள். "கோல்டன் இயர்ஸ் மாகாணப் பூங்கா" என்று அச்சில் இருக்கிறது

செல்வம்: ஆமாம், இருக்கும். அங்கேதானே இருக்கிறது

கார்த்தி: அந்தப் பூங்கா உருவானதே 1967இல்

காவ்யா: 😶

செல்வம்: இது நகலாக இருக்கலாம். பழையதைப் பார்த்துப் புதிய தாளில் வரைந்திருப்பார்கள்

ராஜேந்திரன்: ஆமாம், ஜாக்சன் மறுபடி பிறந்து வந்து

மூர்த்தி: அந்த ஜாக்சன் கடிதமே சந்தேகம்தான், அதைப் பற்றி விரிவாக

புஷ்பா: வேண்டாம். ஜூலையில் நாங்கள் வரும்போது எங்கே போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எனக்கு நயாகரா பார்க்க வேண்டும்

கார்த்தி: அத்தை, அது நாட்டின் அந்தப் பக்கம். சித்தப்பா வீட்டிலிருந்து விமானத்தில் நாலரை மணி நேரம்

புஷ்பா: கனடாதானே?

மூர்த்தி: பார்க்கர்வில் போகலாம். காமரூன் கல்லறை

புஷ்பா: அவ்வளவு தூரம் வந்து கல்லறையா?

கார்த்தி: சித்தப்பா காரில் ஏறினால் ஒரு நாள் வழி. ஆனால் இங்கே என் அறையில் தங்கலாம்

புஷ்பா: உன் அறையை வீடியோவில் பார்த்தேன். வேண்டாம் ராசா. நயாகரா டிக்கெட் எவ்வளவு என்று யாராவது பாருங்கள்

காவ்யா: பார்க்கிறேன்

மூர்த்தி: அதோடு கமலூப்ஸ் ஊர் வழியாகப் போனால் என்ன வருகிறது என்றும் பார்

காவ்யா: அப்பாஆஆ

கீதா: செல்வத்தோடு வேலை பார்க்கிறாரே அவர் வீடு எங்கே? லாங்லியா?

செல்வம்: ஏன்

கீதா: சும்மா. சனிக்கிழமை போய் அவர் மனைவியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று. அவர்களுக்கும் இதெல்லாம் தெரியுமா என்று தெரிந்துகொள்ளலாமே

செல்வம்: சனிக்கிழமை எனக்கு ஷிப்ட்

கீதா: தெரியும். அதனால்தான் சனிக்கிழமை