போளூர் பக்கம் போய் விழுந்த அப்துல்லாபுரம் ஓடுதளம்

சத்துவாச்சாரியிலிருந்து:

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அப்பா சைக்கிள் பாரில் உட்கார வைத்து வேலூர் பக்கத்து அப்துல்லாபுரத்துக்குக் கூட்டிப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன விமானம் இறங்கியது. அது ஓடி நிற்கும்வரை அப்பாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த ஓடுதளத்தில் நானே ஒருநாள் இறங்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்தது. விமானி ஆகவில்லை. ஆனால் வீட்டில் கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் இருக்கிறது. சரி, ஓடுதளம், கட்டடம், சுற்றியுள்ள மலை, கோட்டை எல்லாவற்றையும் நானே சீனரியாகச் செய்துவிடலாம் என்று போன தீபாவளி விடுமுறையில் உட்கார்ந்தேன்.

ஓடுதளத்துக்குக் கிடைத்த ஆயத்தொலைவு இதுதான்: வடக்கு 12 டிகிரி 54 நிமிடம் 31 விநாடி, கிழக்கு 79 டிகிரி 4 நிமிடம் 0 விநாடி. கோப்பில் தசமத்தில் கேட்டார்கள். நான் 12.5431, 79.0400 என்று அடித்தேன். சீனரி ஏறியது, பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. ஆனால் கீழே பாலாறும் இல்லை, நெடுஞ்சாலையும் இல்லை. ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் தெரிந்தது, நான் நிற்பது போளூருக்கு மேற்கே, ஜவ்வாது மலைப் பக்கம். அப்துல்லாபுரத்திலிருந்து 40 கிலோமீட்டர் தெற்கே.

ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. பள்ளியில் படித்ததுதான், கை மறந்துவிட்டது. 54-ஐ 60-ஆல் வகுத்தால் 0.9. 31-ஐ 3600-ஆல் வகுத்தால் 0.00861. கூட்டினால் 12.90861. அதே மாதிரி 79.06667. இதில் மூன்றாவது வடிவம் ஒன்றும் உண்டு: 12 டிகிரி 54.52 நிமிடம். சிமுலேட்டர் திரையில் பெரும்பாலும் இப்படித்தான் காட்டும். மூன்றும் ஒரே இடம். எந்த வடிவத்தில் வந்த எண் என்று பக்கத்திலேயே குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு அன்றைக்கு வந்தது.

தசமத்துக்குப் பிறகு எத்தனை இலக்கம் என்பதும் முக்கியம். நம் ஊர்ப் பக்கம் ஒரு டிகிரி அட்சம் ஏறக்குறைய 110.6 கிலோமீட்டர், ஒரு டிகிரி தீர்க்கம் 108.5. மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் நூறு மீட்டர் வரை நிச்சயமில்லை. ஐந்து இலக்கம் இருந்தால் ஒரு மீட்டருக்குள் வந்துவிடும். ஓடுதளத்தின் இரண்டு முனைகளையும் தனித்தனியாக ஐந்து இலக்கத்தில் எடுத்தேன். ஒரு முனை ஐந்து மீட்டர் நகர்ந்தாலும் ஓடுதளத்தின் திசை திரும்பிவிடும், அது கண்ணுக்குத் தெரியும்.

இடம் சரியானது. அடுத்து உயரம். என்னை நான்கு நாள் அலைய விட்டது இதுதான்.

விமான நிலையத்தின் வெளிவாசலில் சாலையோரம் நின்று கைபேசிச் செயலியில் உயரம் பார்த்தேன். 140 சொச்சம் மீட்டர் காட்டியது. அப்படியே போட்டேன். நான் செய்த கட்டடத்தைக் காணவே காணோம். ஒரு சந்தேகத்தில் கேமராவைத் தரைக்குக் கீழே இறக்கிப் பார்த்தால், அங்கே இருட்டில் கூரையோடு நிற்கிறது. நில உயரம் குறித்த டோப்போ வரைபடத்தில் அந்த இடம் 220 மீட்டருக்கும் மேலே.

செயலி பொய் சொல்லவில்லை. ஜிபிஎஸ் கொடுப்பது டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணித நீள்வட்டக் கோளத்திலிருந்து அளந்த உயரம். நாம் உயரம் என்று சொல்வது கடல் மட்டத்திலிருந்து அளந்தது. உலகில் பல இடங்களில் இந்த இரண்டுக்கும் இருபது முப்பது மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்த பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. அங்கே கடல் மட்டம் அந்தக் கோளத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே. தென்னிந்தியா முழுவதும் அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் இருக்கிறது. வேலூரில் வித்தியாசம் எண்பது மீட்டருக்கு மேல். ஐரோப்பாக்காரர் எழுதிய வழிகாட்டிகளில் இதை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள், நமக்கு அது கட்டடத்தையே புதைக்கிற விஷயம். 2000-ஆம் ஆண்டு எண்டெவர் விண்கலம் ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு கடல் மட்டக் கணக்கில்தான் இருக்கிறது. நிலத்துக்கு அதை எடுத்துக்கொண்டு, கட்டடத்துக்கு ஜிபிஎஸ் உயரத்தை எடுத்தால் இரண்டும் சேரவே சேராது.

செயற்கைக்கோள் படம் ஒட்டும்போது இன்னொன்று கற்றேன். இணைய வரைபடப் படங்கள் மெர்கேட்டர் முறையில் இருக்கும், சிமுலேட்டரின் கருவியோ நேரான டிகிரிக் கட்டத்தில் கேட்கும். ஒரு டிகிரி அகலப் படத்தின் நான்கு மூலைகளை மட்டும் பொருத்தினால் மேல் ஓரமும் கீழ் ஓரமும் சரியாக உட்காரும், நடுவில் ஐம்பது மீட்டருக்கு மேல் பிசகும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் 3857-லிருந்து (மெர்கேட்டரின் எண்) 4326-க்கு (டிகிரிக் கட்டத்தின் எண்) மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

இன்னும் பாலாற்றுப் பாலம் உட்காரவில்லை. பழைய டோப்போ ஷீட்டிலிருந்து எடுத்த எண்கள். உங்களில் யாராவது இதைச் செய்திருந்தால் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து:

தம்பி, நான் நில அளவையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் பாலம் கிழக்கே தள்ளி மணலில் நிற்கிறதா? அப்படியென்றால் காரணம் எவரெஸ்ட்.

1802-இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலையின் தொடர்ச்சிதான் நம் பழைய வரைபடங்கள். அவை எவரெஸ்ட் 1830 கோளத்தை வைத்து வரையப்பட்டவை. அதன் நடுக்கோட்டு ஆரம் டபிள்யூஜிஎஸ் 84-ஐவிட 861 மீட்டர் குறைவு, மையமும் வேறு. அதனால் வேலூர் வரும் 57 பி வரிசை (பாலாறுக்கு வரும் பி) பழைய ஷீட்டில் படித்த எண்ணை அப்படியே போட்டால் பொருள் தென்கிழக்கே ஏறக்குறைய இருநூறு மீட்டர் தள்ளி விழும். கணினியில் மூல டேட்டம் (அளவைக்கு அடிப்படையான கோளமும் அதன் மையமும்) இந்தியன் என்று கொடுத்து மாற்றுங்கள். 295, 736, 257 மீட்டர் என்ற மூன்று நகர்வு எண்கள் கேட்கும். இல்லையென்றால் புதிய ஓப்பன் சீரிஸ் ஷீட்டை எடுங்கள். அது டபிள்யூஜிஎஸ் 84-இல்தான் வருகிறது, யூடிஎம் என்ற மீட்டர் கட்டத்தில் மண்டலம் 44.

எங்கள் காலத்தில் இந்த மாற்றத்தைத் தாளில் போட்டோம். ஒரு புள்ளிக்கு அரை நாள் ஆகும். உங்களைப் போன்ற பிள்ளைகள் ஆசைக்காக இதைச் செய்வதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

குடியாத்தத்திலிருந்து:

அண்ணா, நான் எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில் செய்கிறேன். அதில் நிலம் ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி கட்டமாக வரும். உங்கள் ஓடுதளம் +12+079 கோப்பில், எங்கள் ஊரும் பள்ளிகொண்டாவும் +12+078-இல். 79 டிகிரிக் கோடு அப்துல்லாபுரத்துக்கு ஏழு கிலோமீட்டர் மேற்கே போகிறது. மேற்கிலிருந்து இறங்கி வரும்போது சரியாக அந்தக் கோட்டில் பாலாறு ஒரு படி ஏறி இறங்கியது, ஏனென்றால் ஒரு கட்டத்துக்கு மட்டும்தான் புது உயரத் தரவு போட்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

காட்பாடியிலிருந்து:

நான் கல்லூரி மாணவன் சார். வரைபடப் புள்ளிகளைச் சேமிக்கும் கேஎம்எல் கோப்பில் தீர்க்கம் முதலில், அட்சம் பிறகு. இது தெரியாமல் நானே ஒரு நிரல் எழுதி வேலூர்க் கோட்டையின் அகழியை மாற்றினேன். ஏற்றிப் பார்த்தால் ஒரே பனி. 12-ம் 79-ம் இடம் மாறி அகழி ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டுக்குப் போய்விட்டது. வரைபடத்தில் பார்த்தேன், நம் நாடு 2008-இல் திறந்த ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்கிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரில்தான். அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்த நிலையத்தைப் பற்றிப் படித்தேன். அகழியை மறுநாள்தான் திருப்பிக் கொண்டுவந்தேன்.

சத்துவாச்சாரியிலிருந்து:

ஐயா, மிக்க நன்றி. பாலம் சாலையோடு சேர்ந்துவிட்டது. தம்பி சொன்னபடி 78 கட்டத்தையும் செய்துவிட்டேன், ஆற்றில் படி இல்லை.

நேற்று சாயங்காலம் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து மேற்கிலிருந்து இறங்கிக் காட்டினேன். நிற்கும்வரை அவர் பேசவில்லை. அப்புறம் திரையைக் காட்டி, “வேலி எங்கடா?” என்று கேட்டார். வேலியை நான் வைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய், நாங்கள் சைக்கிளை நிறுத்திய இடத்திலிருந்து ஆரம்பித்துப் புள்ளி எடுக்கப் போகிறேன்.