அயல்நாட்டுப் பேனா நண்பர் உங்களுக்கும் இருந்தாரா?

நெல்லைக்காரி:

எண்பதுகளில் பள்ளியில் படித்த சிலருக்காவது நினைவிருக்கும். பின்லாந்தில் துர்க்கு என்ற நகரத்தில் இன்டர்நேஷனல் யூத் சர்வீஸ் என்று ஓர் அமைப்பு இருந்தது. 1952இல் தொடங்கி 2008 வரை உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பேனா நண்பர்களைத் தேடிக் கொடுத்தது. வயது, பொழுதுபோக்கு, எந்த நாட்டுத் தோழமை வேண்டும் என்று படிவத்தில் நிரப்பிச் சிறு கட்டணத்தோடு அனுப்பினால் ஒரு முகவரி வரும். பாளையங்கோட்டையில் எங்கள் வகுப்பில் ஒரு படிவம் கைமாறிக் கைமாறி எனக்கு வந்து சேர்ந்தது. எனக்கு வாய்த்தவளும் பின்லாந்துக்காரிதான். நாட்டின் கிழக்கே, யொயென்சூ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்.

முதல் கடிதங்களில் சரக்கே இருக்காது. நான் தாஜ்மகாலைப் பற்றி எழுதினேன். அதை அதுவரை நான் பார்த்ததே கிடையாது. அவள் ஆயிரம் ஏரிகள் என்று பாடப்புத்தகத்தை இறக்கியிருந்தாள். இரண்டு பேரும் சுற்றுலாத் துறையில் வேலை பார்ப்பது போல எழுதிக்கொண்டிருந்தோம். அவள் ஒரு கேள்வி கேட்ட பிறகுதான் சூடு பிடித்தது: "உங்கள் பள்ளியில் மதியம் என்ன சாப்பாடு போடுவார்கள்?"

அவர்கள் நாட்டில் 1948லிருந்து பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு இலவசம். எங்கள் ஊரில் எம்.ஜி.ஆர். 1982இல் கொண்டுவந்த சத்துணவு அப்போது புதுசு. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகள் ஒரு பக்கம், வீட்டிலிருந்து டிபன் கொண்டுவரும் நாங்கள் மரத்தடியில் இன்னொரு பக்கம். அதை அப்படியே எழுதினேன். ஏன் தனித்தனியாக உட்காருகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். அவள் பள்ளியில் டாக்டர் மகளும் மரம் வெட்டுபவர் மகளும் ஒரே வரிசையில் தட்டோடு நிற்பார்களாம். பதில் எழுத எனக்குப் பல நாள் பிடித்தது. அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் வெளிநாட்டுக்காரிக்கு எதுக்கு எழுதுற?" என்றாள். எழுதினேன்.

அப்புறம் பொருள்கள். உறைக்குள் தட்டையாக எது போகுமோ அதெல்லாம் போகும். அவள் ஒருமுறை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பனிச்செதில் வடிவ வில்லை ஒன்றை நூலோடு அனுப்பினாள். குளிர்காலத்தில் அங்கே மதியம் தாண்டியதும் இருட்டிவிடுமாம். நடந்து போகிறவர்கள் கார்க்காரன் கண்ணில் படுவதற்காக விளக்கு வெளிச்சம் பட்டால் மின்னும் அந்த வில்லையைக் கோட்டுப் பையிலிருந்து தொங்கவிடுவார்களாம். தெருவிளக்கு இல்லாத எங்கள் சாலையில் அண்ணன் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டான்.

இன்னொரு முறை கறுப்பு மிட்டாய் வந்தது. அப்பா நாக்கில் வைத்ததும், "இது பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவன் வச்சிருக்கிற நவச்சாரம்ல?" என்றார். அவர் சொன்னது சரிதான். சல்மியாக்கி என்ற அந்த மிட்டாயில் அதிமதுரத்தோடு சேர்ப்பது நவச்சாரத்தைத்தான். அந்த நாட்டில் குழந்தையிலிருந்து கிழவர் வரை விரும்பித் தின்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் துப்பினோம். பாட்டி மட்டும் தொண்டைக்கு நல்லது என்று மிச்சத்தைப் பொட்டலம் கட்டி எடுத்து வைத்துக்கொண்டாள்.

நான் அனுப்பியவற்றில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது கட்டம் போட்ட தாளில் வரைந்த புள்ளிக் கோலம். வாசலில் அரிசி மாவால் போடுவோம் என்று எழுதியிருந்தேன். அவள் வாசல் முழுக்கப் பனி. வெள்ளை மேல் வெள்ளை தெரியாது என்பதால் சவ்னா என்கிற நீராவிக் குளியல் அறையின் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். போட்டோவும் வந்தது. புள்ளி ஒன்றுகூடத் தப்பவில்லை, ஆனால் கன்னங்கரேலென்று ஒரு கோலம். பாட்டியிடம் காட்டவில்லை. சகுனம் அது இது என்று ஆரம்பித்திருப்பாள்.

ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள எத்தனையோ புத்தகம் இருக்கிறது. மரத்தடிச் சாப்பாடு மாதிரி விஷயம் கடிதத்தில்தான் வரும். உங்களுக்கு வந்ததையும் சொல்லுங்களேன்.

கோவை சிற்றலை:

எனக்கு இந்தப் பழக்கம் வானொலியால் வந்தது. மாஸ்கோ வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, 1963இல் தொடங்கிய பீஜிங் வானொலித் தமிழ்ப் பிரிவு, இரண்டையும் சிற்றலையில் தேடிக் கேட்டுவிட்டு நேயர் கடிதம் எழுதுவோம். நிலையத்திலிருந்து படம் போட்ட அட்டைகள் வரும். அந்தப் பழக்கத்தில் சோவியத் நாட்டு நண்பர் ஒருவரும் கிடைத்தார். சைபீரியாவில் இர்கூத்ஸ்க்.

அங்கே அப்போது முகவரியைத் தலைகீழாக எழுதுவார்கள். முதலில் நாடு, பிறகு ஊர், தெரு, வீடு, கடைசியில்தான் ஆள். உறையின் அடியில் புள்ளிகளால் ஆன ஆறு கட்டம் அச்சாகியிருக்கும். அஞ்சல் குறியீட்டு எண்ணை அந்தப் புள்ளிகளை இணைத்து எழுத வேண்டும், இயந்திரம் படிப்பதற்காக. 1972இல் வந்த நம் பின்கோடும் ஆறு இலக்கம்தான் என்பதால் நண்பருக்குக் குழப்பமே வரவில்லை.

குளிர்காலத்தில் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பெல்மெனி பிடிப்பார்களாம். உள்ளே இறைச்சி வைத்த கொழுக்கட்டை. நூற்றுக்கணக்கில் பிடித்துப் பையில் போட்டு ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால் போதும், கல்லாக உறைந்துவிடும். எங்கள் தெருவில் அப்போது ஃபிரிட்ஜ் இருந்தது ஒரே ஒரு வீட்டில்.

பெரிய செய்திகளைக்கூட அவர் நேரடியாக எழுத மாட்டார். 1991 வாக்கில் சர்க்கரைக்குக் கூப்பன் கொடுக்கிறார்கள் என்று ஒரு வரி வந்தது. நம்ம ஊரில் ரேஷன் கார்டு பழக்கம்தானே, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் வந்த உறையில் முகவரிக்கே இடம் போதவில்லை. விலைவாசி ஏறி, பழைய சோவியத் தபால்தலைகளை முன்னும் பின்னும் ஒட்டித் தள்ளியிருந்தார். ஒரு நாடு இல்லாமல் போனதை நான் செய்தித்தாளில் படித்தேன்தான். ஆனால் உறைத்தது அந்த உறையைப் பார்த்தபோது.

ஓசூர் தபால்தலை:

நெல்லை அக்கா, என்னுடையவர் பேனா நண்பர் என்றே சொல்ல முடியாது. தபால்தலை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தில் தொடங்கியது. ஜப்பானில் நாகானோ பக்கம், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். எனக்கு அப்பா வயது.

அங்கே புத்தாண்டு அட்டை ஒரு திருவிழா. டிசம்பர் 15லிருந்து 25க்குள் தபாலில் சேர்த்துவிட்டால் ஜனவரி 1 அன்று காலையில் கட்டாக வீட்டுக்கு வந்துவிடும். முன்னாலேயே கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள், அஞ்சலகத்திலேயே வைத்திருப்பார்கள். ஒவ்வொரு அட்டையின் அடியிலும் ஓர் எண் இருக்கும். ஜனவரி நடுவில் அதற்கு லாட்டரிக் குலுக்கல். கடைசிப் பரிசு சின்னத் தபால்தலைத் தாள். அது விழுந்த வருடங்களில் எனக்கு அனுப்பிவிடுவார். என் ஆல்பத்தில் ஒரு பக்கம் அவருடைய அதிர்ஷ்டம்தான்.

ஒரு வருடம் நவம்பர் கடைசியிலேயே சாம்பல் நிற ஓரம் போட்ட அட்டை வந்தது. அண்ணன் இறந்துவிட்டார், ஆகவே இந்தப் புத்தாண்டுக்கு வாழ்த்துச் சொல்லாமல் இருப்பதற்கு மன்னிக்கவும் என்று. துக்க வீட்டார் இப்படி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிவித்துவிடுவார்கள். மற்றவர்களும் அந்த வீட்டுக்கு வாழ்த்து அனுப்ப மாட்டார்கள். வீட்டில் காட்டினேன். "நம்ம வழக்கம்தானே, வருஷம் திரும்புற வரைக்கும் பண்டிகை கிடையாது" என்றார் மாமியார். ஆனால் நாம் யாருக்கும் அட்டை போட்டுச் சொல்வதில்லை. தெரியாமல் தீபாவளிப் பலகாரத்தோடு போய் வாசலில் நின்று சங்கடப்படுபவர்கள் நம்மில் எத்தனை பேர்!

துக்கம் என்பதற்காக அப்படியே வாயை மூடிக்கொண்டு இருக்கவும் வேண்டியதில்லையாம். ஜனவரி 7 கழிந்த பிறகு, பிப்ரவரி தொடக்கம் வரை, 'இந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விசாரித்து எழுத ஒரு தனி வழக்கம் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி எழுதினேன். பதில் நீளமாக வந்தது. அண்ணனும் தம்பியுமாகச் சின்ன வயதில் ஆப்பிள் தோட்டத்தில் பழங்களுக்குக் காகிதப் பை மாட்டும் வேலை பார்த்ததைப் பற்றி. பூச்சி அண்டாமல் இருக்க, மரத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு பிஞ்சுக்கும் ஒரு பை. ஒரு மரத்துக்கு எத்தனை பிஞ்சு என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் கடிதங்கள் எல்லாமே பருவத்தில்தான் தொடங்கும். மலையில் முதல் பனி, மழைக்காலம் முடிந்தது, தவளைச் சத்தம் இப்படி. நம்ம பெரியவர்கள் 'இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்' என்று தொடங்குவார்கள் இல்லையா, அந்த இடத்தில் அங்கே வானிலை. மரியாதைக்கு நானும் அப்படியே தொடங்க வேண்டியிருந்தது. ஓசூரில் என்ன பெரிய பருவம், குளிர் கொஞ்சம், வெயில் கொஞ்சம் என்று இருந்தவன் நான். எழுத வேண்டுமே என்று பார்க்கத் தொடங்கினால் பொங்கலுக்கு ஆவாரம்பூ, மார்ச்சில் ஊதாவாக ஜக்கரண்டா, வெயில் ஏறினால் சிவப்பாக மயில்கொன்றை என்று வரிசையாக வருகிறது. பிப்ரவரி பிறக்கும் முன்னாலேயே இங்கே ரோஜா விலை ஏறிவிடும், காதலர் தினத்துக்கு வெளிநாடு வரைக்கும் போகிறதே. அதையும் ஒரு பருவமாக எழுதினேன். அவருக்கு அதுதான் மிகவும் பிடித்திருந்தது.

தூத்துக்குடி முத்து:

நம்மளுது போலந்து. கிராகோவ் நகரம், தொண்ணூறுகள்.

டிசம்பர் உறையைத் திறந்தால் வெள்ளையாக, மெல்லிசாக, பாதி நொறுங்கி ஏதோ இருந்தது. மேலே மாதா, குழந்தை இயேசு உருவம் புடைப்பாக அழுத்தியிருந்தது. எங்கள் வீடு கத்தோலிக்க வீடு. ஆச்சி பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டு, "நற்கருணையைத் தபால்ல அனுப்புவாங்களா?" என்று பதறிவிட்டார்கள். கடிதத்தைப் படித்த பிறகுதான் நிம்மதி. பூசையில் வைத்து மந்திரித்தது இல்லை, ஒப்வாதெக் என்று வீட்டில் வைத்துச் சாப்பிடுவது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும், ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் உடைத்து, வாழ்த்துச் சொல்லிச் சாப்பிட வேண்டும். தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் கடிதத்தில் வைத்து அனுப்புவார்கள். நாங்களும் ஆளுக்கொரு நொறுங்கலை எடுத்துக்கொண்டோம். ருசி ஒன்றும் கிடையாது, கோயிலில் கொடுக்கிற அப்பம் போலத்தான்.

ஆடு மாடுகளுக்குக் கொடுக்கத் தனியாக நிறம் சேர்த்த ஒப்வாதெக்கும் உண்டாம். அந்த நடுராத்திரி மிருகங்கள் பேசும் என்று ஒரு நம்பிக்கை. மேசையில் எதிர்பாராத விருந்தாளிக்காக ஒரு தட்டு காலியாக வைப்பார்கள். கெண்டை மீனை உயிரோடு வாங்கிவந்து பண்டிகை வரைக்கும் குளியல் தொட்டியில் விட்டு வைப்பார்கள். அத்தனை நாளும் குளிக்க முடியாமல் வீட்டில் சண்டை நடந்ததை என் தோழி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தாள். எங்கள் வீட்டில் மீன் பிடித்துவருகிற அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். மீனுக்கு ராஜ வாழ்க்கைதான் என்றார்.

நெல்லைக்காரி:

முத்து, அந்தக் காலித் தட்டை நான் கேள்விப்பட்டதே இல்லை. குளியல் தொட்டிக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறாயா? தேதி போட்டுப் படியெடுத்து வை.

மதுரை அட்டைக்காரன்:

இங்கே நான்தான் சின்னவன் போல. என்னுடையது போஸ்ட்கிராஸிங். 2005 ஜூலையில் போர்ச்சுக்கலில் பாவ்லோ மகல்யாயிஷ் என்பவர் தொடங்கிய இணையதளம். முன்பின் தெரியாத ஒருவருக்கு நாம் அஞ்சலட்டை அனுப்ப வேண்டும். அவர் கைக்குக் கிடைத்துப் பதிவு செய்ததும், வேறொரு தெரியாத ஆளிடமிருந்து நமக்கு ஒன்று வரும். அனுப்பியவரே பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பெரியவர்கள் சொல்வது போன்ற வருடக்கணக்கான சிநேகம் இதில் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அட்டையில் இடம் இல்லாததே ஒரு நன்மை. தாஜ்மகாலுக்கு இடமே கிடையாது. பெரும்பாலானவர்கள் தங்கள் அறிமுகக் குறிப்பில் இன்று என்ன சமைத்தீர்கள், ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று கேட்டிருப்பார்கள். அதற்குத்தான் பதில்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். இணையதளம் தரும் அட்டை எண்ணை எழுத மறந்தால் போச்சு, அங்கே அவரால் பதிவு செய்ய முடியாது. தபால்தலையை முதலில் ஒட்டிவிட்டு மிச்ச இடத்தில் எழுதுங்கள். நம்முடைய நினைவுத் தபால்தலைகள் பெரிசு, நாலைந்து சேர்ந்தால் பாதி அட்டை காலி. முத்திரையைக் கண் முன்னாலேயே குத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள், நிறைய அஞ்சலகங்களில் மாட்டேன் என்று சொல்வதில்லை. ஜெர்மனிக்காரர்கள் எழுதும் 1 நமக்கு 7 போலத் தெரியும், அவர்கள் 7க்கு நடுவில் கோடு போடுவார்கள். முகவரியைப் பார்த்து எழுதும்போது கவனம். 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றபோது நான் அனுப்பிய கட்டு ஒன்று எங்கேயோ மாட்டிக்கொண்டது. சில அட்டைகள் மாதக்கணக்கில் கழித்துப் போய்ச் சேர்ந்தன, அதில் நான் எழுதியிருந்த சித்திரைத் திருவிழா அந்த வருடம் வழக்கம் போல நடக்கவே இல்லை.

இப்போது என் மேசையில் லிதுவேனியாவுக்கு ஓர் அட்டை காத்திருக்கிறது. அந்த அம்மா கேட்டிருப்பது: உங்கள் தெருவில் காலையில் முதலில் வரும் சத்தம் யாருடையது? பால்காரர் என்கிறேன் நான். கீரைக்காரம்மாதான், நீ எழுந்தால்தானே தெரியும் என்கிறாள் அம்மா. நாளைக்கு நாலரை மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.