பாஸ்வேர்டு யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

குழு: தாத்தா வீட்டுப் பேரன் பேத்திகள்
ஞாயிறு இரவு

பிரபு (9:12): 2006-ல் ரூன்ஸ்கேப் ஆன்லைன் விளையாட்டுக்கு நாம் போட்ட பாஸ்வேர்டு யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

செந்தில்: ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது?

பிரபு: ஆபீஸில் ஒருத்தன் சாப்பாட்டு நேரத்தில் போனில் விளையாடுகிறான் அண்ணா. எட்டிப் பார்த்தால் ஆட்டம் தொடங்கும் அதே லும்பிரிட்ஜ் ஊர், அதே மாட்டுக் கொட்டகை. கை துறுதுறுக்கிறது.

கவிதா: மாட்டுத்தோல் விற்றுத்தானே நீ முதல் வாள் வாங்கினாய்.

செந்தில்: பிரவுசிங் சென்டரில் எதையும் இன்ஸ்டால் பண்ண விட மாட்டார்கள். இது பிரவுசரிலேயே ஓடியதால்தான் நாம் மாட்டினோம்.

நிலா: அந்த விளையாட்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா அண்ணா? நான் பிறப்பதற்கு முன்பே வந்தது போலிருக்கிறதே.

செந்தில்: 2001. நீ பிறக்க இன்னும் 3 வருடம் இருந்தது.

கவிதா: பிரபு, பாஸ்வேர்டைத் தேடாதே. நான் போன மாதமே திரும்பப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிரபு: அடப்பாவி அக்கா!

கவிதா: உன் பழைய கேரக்டர் புது ரூன்ஸ்கேப் பக்கம்தான். நான் சொல்வது ஓல்ட் ஸ்கூல், அதே ரூன்ஸ்கேப்பின் பழைய வடிவம், தனி சர்வர். அங்கே எல்லோரும் சண்டை லெவல் 3-ல்தான் தொடங்க வேண்டும்.

பிரபு: 3 வருட உழைப்பு போச்சா?

கவிதா: போனது நல்லது. வேறெந்தப் பழைய விளையாட்டுக்குத் திரும்பினாலும், நம்மைவிட 10 வருடம் முன்னால் ஓடியவர்களின் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். இதில் 2013 பிப்ரவரியில் கோடீஸ்வரனும் ஆண்டியும் ஒரே நாளில் மரம் வெட்டத் தொடங்கினார்கள்.

நிலா: பழசை எதற்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள்?

கவிதா: பெரிய கதை. 2007 டிசம்பரில் ஜாஜெக்ஸ், அதாவது அந்த கேம்பிரிட்ஜ் கம்பெனி, ஆட்டக்காரர்களுக்குள் தாராளமாகப் பொருள் கைமாறுவதை நிறுத்தியது. வைல்டர்னஸ் என்ற சண்டைப் பகுதியில் ஆளை ஆள் அடிப்பதையும் எடுத்துவிட்டது. நிஜப் பணத்துக்கு விளையாட்டுத் தங்கம் விற்கும் கூட்டம் திருட்டு கிரெடிட் கார்டுகளோடு புகுந்திருந்தது. காரணம் நியாயம்தான். ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினார்கள். வாக்கெடுப்பு வைத்து 2011-ல் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம் 2012 நவம்பரில் சண்டை போடும் முறையையே மாற்றினார்கள். முன்பு ஒரு கிளிக் செய்துவிட்டு டீ குடிக்கலாம், இப்போது வரிசையாகப் பொத்தான் அமுக்க வேண்டும். கை பழகிய வித்தை ஒரே இரவில் செல்லாக்காசு. பலர் கிளம்பிவிட்டார்கள்.

செந்தில்: அக்கா, பட்டிமன்றத்துக்குப் பேர் கொடு.

கவிதா: குறுக்கே பேசாதே. 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்த பேக்கப் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதைத் திறக்கலாமா என்று 2013 பிப்ரவரியில் வாக்கெடுப்பு வைத்தார்கள். 4 லட்சத்துக்கும் மேல் விழுந்தது. அந்த மாதமே சர்வர் திறந்தாயிற்று.

பிரபு: அப்படியென்றால் பழைய ஞாபகம்தான் ஆளைக் கூட்டி வந்திருக்கிறது.

கவிதா: இல்லை. ஞாபகம் வாசல்வரைதான் வரும். இரண்டு வாரம் மரம் வெட்டினால் தீர்ந்துவிடும். மக்களை உட்கார வைத்தது வாக்கு. புதிதாக எது வந்தாலும் 75% பேர் சரி என்று சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். 2019-ல் வார்டிங் என்று ஒரு புதுத் திறன் கொண்டுவரப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குதான் கிடைத்தது, கைவிட்டார்கள். அப்புறம் வரம்பை 70% ஆக்கினார்கள். செய்லிங், அதாவது கப்பலோட்டும் திறன், அதைத் தாண்டி 2025 நவம்பரில் வந்தது. முதல் புதுத் திறனுக்கு 12 வருடத்துக்கு மேல்! நான் மீன் பிடித்துச் சேர்த்தது நாளைக்குச் செல்லாது என்ற பயம் இல்லை.

நிலா: ஆனால் அக்கா, விளையாடுகிறவன் எப்போதும் நேற்று இருந்ததையே கேட்பான். எல்லாவற்றையும் வாக்குக்கு விட்டால் புதிதாக எதுவும் பிறக்காது. ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் விளையாட்டைப் பாருங்கள். 2010-ல் வந்தது படுதோல்வி. யோஷிடா என்பவர் பொறுப்பேற்று, யாரிடமும் வாக்குக் கேட்காமல், 2012 நவம்பரில் சர்வரையே மூடினார். கதையில் வானத்திலிருந்து சந்திரன் போன்ற ஒன்று விழுந்து உலகம் அழிந்தது. 2013 ஆகஸ்டில் புது விளையாட்டாகத் திறந்தார்கள்.

செந்தில்: நிலா சொல்வது சரி. அடித்தளமே ஆட்டம் கண்டால் இடித்துத்தான் கட்ட வேண்டும்.

கவிதா: ஒத்துக்கொள்கிறேன். அது கெட்டுப் பிறந்த வீடு. இது நல்ல வீட்டைக் கெடுத்த கதை. மருந்து வேறு.

நிலா: இன்னொன்று. செய்ய ஒன்றும் இல்லையென்றால் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு எதையாவது விளையாடுங்கள், புது அப்டேட்டுக்கு வாருங்கள் என்று அந்த யோஷிடாவே சொல்கிறார். நான் போனில் விளையாடும் ஒன்று இருக்கிறது, பேர் வேண்டாம். இரண்டு நாள் வரவில்லையென்றால் பரிசு வரிசை முதலிலிருந்து. காய்ச்சலில் படுத்திருந்தபோது அறுந்தது, அன்றோடு அழித்துவிட்டேன்.

கவிதா: பாட்டி "போறேன்" என்று சொல்ல விடுவாளா? "போயிட்டு வரேன்னு சொல்லு" என்பாள்.

பிரபு: சரி, எனக்கு எங்கே நேரம்? நான் விட்டது அப்டேட்டுக்குக் கோபித்துக்கொண்டு அல்ல. வேலை கிடைத்தது, அவ்வளவுதான்.

கவிதா: நானும் அப்படித்தான். பாதிப் பேர் அப்படித்தான். அதனால்தான் 2018 அக்டோபரில் போனில் வந்தது பெரிய விஷயம். அதே கணக்கு, அதே உலகம். குக்கர் மூன்று விசில் வருவதற்குள் 30 இறால் பிடித்துவிடுகிறேன்.

செந்தில்: குக்கர் அடி பிடித்த ரகசியம் இப்போது தெரிகிறது.

கவிதா: குரூப் அயர்ன்மேன் என்று ஒன்று 2021-ல் வந்தது. 2 முதல் 5 பேர் வரை ஒரு குழு. வெளியாட்களிடம் எதையும் வாங்க முடியாது. ஒருத்தன் வெட்ட, ஒருத்தி சமைக்க, பொதுப் பெட்டியில் போட வேண்டும்.

நிலா: நான் வரலாமா? எனக்கு மாடும் தெரியாது கோட்டையும் தெரியாது.

கவிதா: நீதான் முதலில் வர வேண்டும். பழைய ஆட்களையே பொறுக்கிச் சேர்த்தால் அது பள்ளிக்கூட ரீயூனியன்.

பிரபு: சனிக்கிழமை உங்கள் நேரம் இரவு 10:30. எனக்கு 9 மணி. குழுவுக்குப் பேர்?

செந்தில்: பேரன் பேத்திகள் என்றே போடலாம். ஒரே நிபந்தனை, பொதுப் பெட்டிச் சாவி பிரபு கையில் போகக்கூடாது. 2006-ல் என் கவசத்தை "இரண்டு நிமிடம் போட்டுப் பார்க்கிறேன்" என்று வாங்கியவன்.

பிரபு: அதை வைல்டர்னஸில் ஒருத்தன் அடித்துப் பிடுங்கிக்கொண்டான் என்று அப்போதே சொன்னேனே அண்ணா.

கவிதா: பொய். வரோக் ஊர் வங்கியில் விற்றான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

செந்தில்: 🙄

பிரபு குழுவிலிருந்து வெளியேறினார்.

கவிதா பிரபுவைச் சேர்த்தார்.