அம்மை என்று சொல்லி ஊமைத்துரையைக் காப்பாற்றிய பெண்கள்

சாயல்குடிப் பக்கம் கடற்கரை ஊர் எங்களுடையது. கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை கதையை நான் கேட்டது அப்பத்தாவிடம். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து அவர் தப்பியதை ரெண்டு வார்த்தையில் முடித்துவிடும். ஆங்கிலேயர் இடித்துப்போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாளிலேயே திரும்ப எழுப்பியதற்கும் அவ்வளவுதான். மே 24-க்கு வந்தால்தான் நிமிர்ந்து உட்காரும்.

அன்றைக்குத்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் அக்னியூ படை அந்தக் கோட்டைக்குள் புகுந்தது. ஊமைத்துரை பலத்த காயத்தோடு விழுந்து கிடக்கிறார். மகனைத் தேடி ஒரு தாய் பிணங்களுக்கு நடுவே வருகிறாள். கண்டுபிடித்துவிட்டாள், உயிரும் இருக்கிறது. அவனோ, "என்னை விடு ஆத்தா, பக்கத்துல சாமி கிடக்காரு, அவரைத் தூக்கு" என்கிறான். தூக்கினாள். பெற்றவள் எப்படித்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டாளோ, இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

வழியில் கம்பெனிப் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருகிறார்கள். பெண்கள் அவரைத் துணியால் மூடிப்போட்டு, அம்மை கண்டு செத்துப்போன பையன் என்று சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். இந்த இடத்தில் அப்பத்தா முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டு, "ஆத்தா வார்த்து அள்ளிக்கிட்டுப் போயிட்டாளே" என்று நிஜமாகவே ராகம் இழுக்கும். விளக்கு வைத்த நேரத்தில் ஒப்பாரியா என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போடும்.

வந்தவர்கள் துணியை விலக்கிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டார்கள். பெரியம்மைக்கு இந்தியாவில் முதல் தடுப்பூசி போட்டதே 1802-ல், பம்பாயில். அந்தப் பயம் எப்படி இருந்திருக்கும்! சின்னம்மைக்கே வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் எங்கள் தெருவில் யாரும் படியேற மாட்டார்கள்.

பாட்டிக் கதை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் அதே போரில் கம்பெனிப் படையில் நின்ற வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, தன் நினைவுக் குறிப்புகளில் இதை அப்படியே எழுதியிருக்கிறார். மகன் சொன்னது, மூடிய துணி, அம்மை, எல்லாமே இருக்கிறது. எதிரியே எழுதிவைத்த சாட்சி!

உடம்பு தேறிய ஊமைத்துரை கமுதி வழியாகச் சிறுவயல் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அந்த நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டார்கள். அவருக்குக் கிடைத்த அந்த ஆறு மாதமும் அந்தப் பெண்கள் கொடுத்தது என்றே சொல்வேன். அவர்களுக்கு ஒரு நடுகல்லாவது வேண்டாமா?

அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் எழுதவில்லை, அப்பத்தாவும் சொன்னதில்லை. கமுதி, பெருநாழி, விளாத்திகுளம் பக்கத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது பெயர் சொல்லிக் கேட்டிருந்தால், எந்த ஊரில் கேட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.