69 கமாரோ ஹவுண்ட்ஸ்டூத் சீட்: டிரைவர் பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி:
என் 1969 செவ்ரோலெட் கமாரோ காரில் கறுப்பு-வெள்ளை ஹவுண்ட்ஸ்டூத் (நாய்ப்பல் போல முனை நீண்ட கட்டங்கள்) துணி சீட். டிரைவர் சீட்டில் துணியும் ஓர வினைலும் சேரும் தையலில் நூல் பிரிந்து உள்ளே ஃபோம் தெரிகிறது, மற்ற சீட்டெல்லாம் நன்றாகவே இருக்கின்றன. புதிதாக நெய்து வரும் துணியில் ஒரு துண்டு வாங்கி வைத்துப் பார்த்தால் வெள்ளை பளிச்சென்று அடிக்கிறது. டிரைவர் சீட்டை மட்டும் மாற்றலாமா?

பதில் 1:
புதுத்துணியைக் குறை சொல்வதற்கு முன்னால் சீட்டுக்கு அடியில் மடித்துச் செருகிய ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள், வெயில் படாத அந்த இடத்தில்தான் பழைய துணியின் உண்மையான நிறம் இருக்கும். ஒரு சீட்டை மட்டும் மாற்றினால் ஒட்டுப்போட்டது போலத் தெரியும், முன்சீட் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

நிறத்தைவிட எனக்குக் கவலை வெட்டுவதில்தான். அந்தக் கட்டங்களுக்கு ஒரு சாய்வு உண்டு. எனக்குத் தைத்தவர் துணி மிச்சம் பிடிக்க ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிவிட்டார், கதவைத் திறந்தால் இடது சீட்டின் சாய்வு ஒரு பக்கம், வலது சீட்டின் சாய்வு எதிர்ப்பக்கம். அத்தனை துண்டிலும் மேல்பக்கம் எது என்று சாக்பீஸில் அம்புக்குறி போட்ட பிறகே கத்தரி வைக்கச் சொல்லுங்கள். அமுங்கிப்போன ஃபோமையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இழுத்துக் கட்டும்போது கட்டங்கள் அலையலையாக நெளியும்.

பதில் 2:
உங்களுக்காவது சீட் சீட்டாகப் பிரித்துச் செய்ய முடிகிறது. என்னுடையது 1972 ஏஎம்சி ஜாவலின், ஆடை வடிவமைப்பாளர் பியர் கார்டின் வடிவமைத்த உள்ளலங்காரம். கறுப்பில் சிவப்பு, பிளம், வெள்ளை, வெள்ளி நிறப் பட்டைகள் முன்சீட்டில் தொடங்கி கதவு வழியாக ஏறி, கூரையின் உட்பக்கம் போய், பின்சீட்டில் இறங்கும். ஓரிடத்தில் கை வைத்தால் அந்தக் கோடு முழுவதும் பிசகுகிறது. அப்புறம், ஆரஞ்சு ஹவுண்ட்ஸ்டூத் அழகாக இருக்கிறதென்று யாராவது ஆசை காட்டினால் மாறிவிடாதீர்கள்! அது 1969 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் முன்னால் வழிகாட்டிச் சென்ற கமாரோ பேஸ் காரோடு சேர்த்தே நினைவில் நிற்கும் நிறம், உங்கள் காருக்கு அதன் சொந்த நிறமே இருக்கட்டும்.

கேட்டவர்:
அடியில் பிரித்துப் பார்த்தேன். மடிப்புக்குள் இரண்டு விரல் அகலத்துக்குப் புதுத்துணியின் அதே வெள்ளை! முன்சீட் இரண்டையும் மாற்றுகிறேன். பின்சீட்டுக்கும் சேர்த்து ஒரே சுருளில் துணி எடுத்து, வெயில் படாமல் சுருட்டி வைத்துக்கொள்கிறேன்.