மழையே இல்லை, காருக்குள் ஈரம்! (வாகன் ஆர் 2015, ஐடில் ஸ்டொப்பும் வேலை செய்யவில்லை)

எருவில் ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது 2015 சுசுக்கி வாகன் ஆர், எம்.எச்.44 எஸ். ஜப்பானில் ஓடி வந்த கார். எருவிலில் இருந்து மட்டக்களப்பு டவுனுக்குத் தினமும் நானே ஓட்டிப் போய் வருகிறேன்.

கச்சான் காற்று அனலாய் அடிக்கிற நேரம், மழை ஒரு துளி இல்லை. ஆனால் முன் இடப்பக்கச் சீற்றில் கால் வைக்கிற இடம் சொதசொத என்று நனைந்து கிடக்கிறது. போன கிழமை மகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தவள், “அம்மா, ஆரோ தண்ணிப் போத்தலைக் கவிட்டு வைச்சிரிக்கு” என்றாள். காலடி விரிப்பைத் தூக்கிக் கார்ப்பெட்டை விரலால் அழுத்தினேன், தண்ணி ஊறி மேலே வருகிறது. துடைத்தால் இரண்டு நாளில் திரும்பவும் அதே கதை.

ஒரு மாதமாக ஐடில் ஸ்டொப்பும் இல்லை. முன்பு சிக்னலில் தானாக எஞ்சின் நிற்கும், இப்போது நிற்பதே இல்லை. அப்புறம் காரை ஓஃப் பண்ணும்போது மீற்றரில் ஒரு எண் வந்து மறையும். முன்பு 81, 80 என்று வரும், இப்போது 64. பெற்றரி இறங்குகிறதா?

காட்டிய கராஜில் பாஸ் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு, “ஹீற்றர் உடைஞ்சிட்டு, டாஷ்போட் முழுக்கக் கழற்ற வேணும், லித்தியம் பெற்றரிக்கும் தண்ணி போயிருக்கும்” என்றார். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. யாராவது சொல்லுங்கள்.

கல்முனைச் சில்லு:

ரீச்சர், லித்தியம் பெற்றரி இருக்கிறதே அந்த இடப்பக்கச் சீற்றுக்குக் கீழேதான். தண்ணி போனால் கதை முடிந்தது. ஓட்ட வேண்டாம், கிடைக்கிற விலைக்குத் தள்ளிவிடுங்கள்.

ஏறாவூர் வயரிங்:

சில்லு தம்பி, பயப்படுத்த வேண்டாம். ரீச்சர், டாஷ்போட்டில் ஒருவரையும் கை வைக்க விடாதீர்கள். கழற்றிப் பூட்டிய டாஷ்போட் பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்கும் கிறீச் கிறீச் என்று பேசும், அந்த நோய்க்கு மருந்தில்லை.

முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

அந்த ஈரத்தை வெள்ளைத் துணியில் ஒற்றி எடுங்கள். நிறம், பிசுபிசுப்பு, இனிப்பு மணம் எதாவது இருக்கிறதா? கூலன்ற் என்பது எஞ்சினைக் குளிர வைக்கிற திரவம், ஹீற்றருக்குள்ளும் அதுதான் ஓடுகிறது. சுசுக்கியின் கூலன்ற் நீல நிறம். ஹீற்றர் உடைந்திருந்தால் துணியில் அது தெரியும், முன் கண்ணாடியிலும் எண்ணெய்ப் படலம் போல மங்கல் வரும்.

எஞ்சின் ஆறிய பிறகு பொனட்டைத் திறந்து கூலன்ற் போத்தலில் கோட்டுக்கு மேலா கீழா என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். ஏசியைப் போட்டுக் காரை ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் ஓட விட்டுவிட்டுக் குனிந்து பாருங்கள். கீழே தண்ணி சொட்டுகிறதா?

எருவில் ரீச்சர்:

பார்த்தேன் அண்ணே. துணி நனைந்ததோடு சரி. நிறமும் இல்லை, மணமும் இல்லை. கூலன்ற் கோட்டில்தான் நிற்கிறது. கீழே சீமெந்துத் தரை காய்ந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டுக் காருக்குக் கீழே மட்டும் குளம்.

ஏறாவூர் வயரிங்:

அப்போது நோய் கண்டுபிடித்தாயிற்று. உங்கள் வீட்டுக் காருக்குக் கீழே வர வேண்டிய அந்தக் குளம்தான் உள்ளே கிடக்கிறது.

வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் ஏசியின் குளிர்ச்சிப் பெட்டி பெரும்பாலும் இடப்பக்கம், கிளவ் பொக்ஸுக்குப் பின்னால். காற்றில் உள்ள ஈரம் அந்தக் குளிரில் பட்டுத் தண்ணியாகி, ஒரு சின்ன றப்பர் குழாய் வழியாக வெளியே சொட்ட வேண்டும். அந்தக் குழாய் அடைத்தால் பெட்டி நிரம்பிக் காலடியில் வழியும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற நம்முடைய ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஒருமுறை வீட்டில் பழைய ஐஸ்கிறீம் டப்பாவைக் கீழே வைத்துப் பார்த்தேன், ஒரு மணித்தியாலத்தில் ஒரு போத்தலுக்குக் கிட்ட நிறைந்தது.

குழாயின் வாய் எஞ்சின் பக்கம், இடப்பக்கச் சுவரின் அடியில், வளைந்து கீழே பார்த்தபடி இருக்கும். காரை ஜக்கில் மட்டும் நிறுத்திக் கீழே போகாதீர்கள், கட்டை வையுங்கள். கம்பி விட வேண்டாம், றப்பர் கிழியும். கொம்பிரசர் காற்றைக் கீழிருந்து பலமாக அடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடும், அப்போது உண்மையிலேயே டாஷ்போட் கழற்ற வேண்டி வரும். மீன் பிடிக்கிற தடித்த தங்கூசி (நைலோன் நூல்) இரண்டு முழம் எடுங்கள். நுனியை நெருப்பில் காட்டி உருண்டையாக்கிவிட்டு மெதுவாக முறுக்கி முறுக்கி விடுங்கள். முகத்தை நேரே கீழே வைக்காதீர்கள், சொல்லிப்போட்டேன்.

வாவிக்கரை:

முகத்தை வைத்தவன் நான்தான். 2022இல் பெற்றோல் இல்லாமல் கியூஆர் வரிசையில் கிடந்த காலத்தில் என்னுடைய கார் மாதக்கணக்கில் கொட்டிலுக்குள் நின்றது. மண்குளவி வந்து அந்தக் குழாய்க்குள் வீடு கட்டிவிட்டது. இழுத்ததும் குளவிக்கூடு, சேறு, பூஞ்சணத் தண்ணி எல்லாம் வாய்க்குள். இன்றைக்கும் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

எருவில் ரீச்சர்:

முடிந்தது! தம்பியைக் கூப்பிட்டேன், அவன் களுவாஞ்சிக்குடிக் கடையில் தங்கூசி வாங்கி வந்தான். ஒரு விரல் அளவு உள்ளே போனதும் எங்கோ முட்டியது. முறுக்கினான். முதலில் மஞ்சள் மண் கட்டி ஒன்று விழுந்தது, பிறகு புழுங்கின மணத்தோடு தண்ணி கொடகொட என்று ஒரு சின்ன வாளி நிறைய வந்தது. பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கார்ப்பெட் இன்னும் ஈரம். அப்படியே வெயிலில் கதவைத் திறந்து வைத்தால் போதுமா?

ஏறாவூர் வயரிங்:

போதாது. மேலே காயும், கீழே இருக்கிற பஞ்சு மாதக்கணக்கில் நனைந்தே இருக்கும், தகடு கறள் பிடிக்கும். கதவடியில் இருக்கிற பிளாஸ்டிக் பட்டியைக் கையால் இழுத்தால் கழலும். கார்ப்பெட்டை ஓரத்தில் இருந்து தூக்கி, அடியில் செங்கல் ஒன்றைச் செருகி, இரண்டு நாள் கச்சான் காற்றுக்கு விடுங்கள். கச்சானால் ஒரு நன்மை என்றால் இதுதான்.

இனி லித்தியம். இடப்பக்கச் சீற்றின் இருக்கையை முன்பக்கம் பிடித்துத் தூக்குங்கள். கைபிடி வைத்த ஒரு பெட்டி வரும், வாளி மாதிரி வெளியே எடுக்கலாம். ஐந்து வருடம் ஓட்டியும் அந்தப் பெட்டி இருப்பதே தெரியாதவர்களைக் கண்டிருக்கிறேன். அதற்குக் கீழேதான் லித்தியம். தரையைத் தொட்டுக்கொண்டு அது இல்லை, கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது. சுற்றி ஈரம் இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள், திறக்க வேண்டாம். மீற்றரில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. மனம் கேட்காவிட்டால் ஸ்கேனர் உள்ள இடத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

எருவில் ரீச்சர்:

பெட்டியைத் தூக்கினேன். உள்ளே ஜப்பான் எழுத்துப் போட்ட ஒரு குடை! ஏழு வருடமாக எங்களோடு ஓடியிருக்கிறது. பெற்றரியைச் சுற்றிக் காய்ந்துதான் கிடக்கிறது, விளக்கும் இல்லை. அந்த 64?

ஏறாவூர் வயரிங்:

அது பெற்றரி இல்லை ரீச்சர், நீங்கள் வாங்கிய மார்க்ஸ். எவ்வளவு சிக்கனமாக ஓட்டினீர்கள் என்று காரே நூற்றுக்குப் புள்ளி போடுகிறது. மீற்றர் வெளிச்சத்தையும் கவனியுங்கள். சாதாரணமாக நீலம், சிக்கனமாக ஓட்டினால் பச்சை, காலை எடுத்து வேகம் குறையும்போது மின்சாரம் சேர்ந்தால் வெள்ளை. ஐடில் ஸ்டொப் இல்லாத மாதத்தில் புள்ளி இறங்கினது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஐடில் ஸ்டொப்புக்கும் ஈரத்துக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டும் ஒரே மாதத்தில் வந்ததால் ஒன்று மாதிரித் தெரிகிறது. இந்தக் காரில் பெற்றரி இரண்டு. சீற்றுக்குக் கீழே லித்தியம், பொனட்டுக்குள் வழக்கமான 12 வோல்ட். காலையில் முதல் ஸ்டாட் மட்டும் சாதாரண ஸ்டாட்டரில், கிர்ர் என்று சத்தம் வரும். பிறகு சிக்னலில் நின்று எழும்பும்போது பெல்ற்றில் இருக்கிற ஐ.எஸ்.ஜி. மோட்டர் சத்தமில்லாமல் சுற்றிவிடும். 12 வோல்ட் பெற்றரி சோர்ந்துபோனால், “நிறுத்தினால் திரும்ப எழும்ப ஏலுமோ?” என்று கார் தானே யோசித்து எஞ்சினை நிறுத்தாது. காலையில் ஸ்டாட் பண்ண முன்பு வோல்ட் மீற்றர் வைத்து அளக்க வேண்டும். 12.6 என்றால் நல்லது, 12.2க்குக் கீழே என்றால் பாதி உயிர். பெற்றரியை எப்போது மாற்றினீர்கள்?

கல்முனைச் சில்லு:

வயரிங் அண்ணே, எனக்கு எல்லாப் பெற்றரியும் நல்லது, ஆனாலும் மத்தியான நேரம் எஞ்சின் நிற்காது. அதுவும் பெற்றரியா?

ஏறாவூர் வயரிங்:

இல்லை தம்பி, அது வெயில். காய்ந்த காருக்குள் ஏறி ஏசியை 18இல் வைத்தால் உள்ளே குளிரும் வரை எஞ்சின் நிற்காது. சீற் பெல்ற் போடாவிட்டாலும், கதவு சரியாகப் பூட்டாவிட்டாலும், எஞ்சின் சூடாகாவிட்டாலும் நிற்காது. முன் கண்ணாடிக்குக் காற்று விடுகிற பொத்தான் போட்டிருந்தாலும் அப்படித்தான். நின்றாலும் கொஞ்ச நேரத்தில் திரும்ப எழும்பினால் பழுது என்று நினைக்காதே. குளிர்ச்சிப் பெட்டிக்குள் குளிரைச் சேமித்து வைக்கிற ஒரு பொருள் இருக்கிறது, எஞ்சின் நின்றும் குளிர் காற்று வருவது அதனால்தான். அது தீர்ந்ததும் எஞ்சின் எழும்பும். நம்முடைய வெயிலில் அது கெதியில் தீரும்.

பாலமுனை ஹயர்:

நான் இதே காரில் ஹயர் ஓடுகிறேன், இரண்டு சொல்லிவிட்டுப் போகிறேன்.

மாரியில் றோட்டில் வெள்ளம் நிற்கும்போது ஐடில் ஸ்டொப் ஓஃப் பொத்தானை மறக்காமல் அழுத்துங்கள். பிறேக்கில் கால் வைத்து வேகம் 13 கிலோமீற்றருக்குக் கீழே வந்தாலே எஞ்சின் நிற்கும், வண்டி முழுக்க நிற்க வேண்டும் என்றில்லை. தண்ணிக்கு நடுவில் எஞ்சின் நிற்பதை நான் விரும்ப மாட்டேன். காரை ஓஃப் பண்ணிப் போட்டால் அந்தப் பொத்தான் பழையபடி வந்துவிடும், திரும்ப அழுத்த வேண்டும்.

ரிமோட் பெற்றரி செத்தால் கதவை உடைக்க வேண்டாம். ரிமோட்டுக்குள்ளேயே சின்னச் சாவி ஒளிந்திருக்கிறது. உள்ளே போய் பிறேக்கை மிதித்து, ரிமோட்டையே ஸ்டாட் பொத்தானில் தொட்டுக்கொண்டு அழுத்துங்கள், எழும்பும். பொத்துவிலில் இரவு பதினொரு மணிக்கு இது தெரியாமல் கஷ்டப்பட்டிருக்கிறேன், வந்த ஆளைப் பாதியில் இறக்க வேண்டியதாயிற்று.

வாவிக்கரை:

ஹயர் நானா, ரேடியோவுக்கு என்ன செய்தீர்கள்? எனக்கு 90க்கு மேல் ஒன்றும் எடுக்காது.

பாலமுனை ஹயர்:

ஜப்பானில் எஃப்.எம். 76இல் தொடங்கி 90இல் முடிகிற மாதிரிச் செய்த பெட்டி அது. நம்முடைய நிலையங்கள் 108 வரை போகும். அன்ரனா வயரில் பான்ட் எக்ஸ்பான்டர் என்று ஒரு சின்னப் பெட்டி பூட்டினால் எடுக்கும், ஆனால் காட்டுகிற எண் சரியாக இராது. நான் பூட்டவில்லை, போனில் பாட்டுப் போடுகிறேன்.

எருவில் ரீச்சர்:

அளந்தோம், 12.1. போன வருடம் அவர் வெளியூரில் நின்ற நேரம் அவசரத்துக்கு மாற்றிய சாதாரணப் பெற்றரி அது. கடையில் பழையதைக் காட்டி “ஐடில் ஸ்டொப் காருக்கு” என்று கேட்டேன். முதலில் சாதாரணத்தைத்தான் நீட்டினார்கள். “இதுவும் ஓடும் மிஸ்” என்றார். ஓடும்தான், ஒரு வருடம் ஓடிவிட்டுத்தானே வந்திருக்கிறேன்! லேபலில் ஐடில் ஸ்டொப் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்கினேன், விலை கூடத்தான்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை, அழுகை வந்தது. மூன்றாம் நாள் டவுன் ரயில் கேற்றில் பிறேக்கை மிதித்தேன், சத்தம் அடங்கிவிட்டது. ரயில் போகிற வரைக்கும் நிற்கவில்லை, நடுவில் எழும்பினது. வயரிங் அண்ணே சொன்னது ஞாபகம் வந்ததால் பயப்படவில்லை. வீட்டுக்கு வந்து ஓஃப் பண்ணினால் 79. கார்ப்பெட் காய்ந்துவிட்டது, மணம் மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஸ்டாட் பண்ணினதும் ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லும். அது என்ன?

ஏறாவூர் வயரிங்:

மணத்துக்குக் கிளவ் பொக்ஸின் இரண்டு பக்கத்தையும் உள்ளே அழுத்திக் கீழே இறக்குங்கள், பின்னால் ஏசி பில்டர் இருக்கும். இவ்வளவு நாள் ஈரத்தில் இருந்தது, மாற்றுங்கள்.

அந்தக் குரல், ஜப்பான் அதிவேக வீதியில் காசு கட்டுகிற கார்டைப் போடவில்லை என்று முறைப்பாடு சொல்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே அல்லது கிளவ் பொக்ஸுக்குள் கார்ட் போடுகிற வாயோடு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பின்னால் இருக்கிற பிளக்கைக் கழற்றினால் வாயடைத்துவிடும்.

எருவில் ரீச்சர்:

பெட்டியைக் கண்டுபிடித்தேன். பிளக்கில் கை வைத்ததும் மகள் கத்தினாள். அந்த வசனத்தை அவள் அப்படியே பாடமாக்கி வைத்திருக்கிறாளாம், பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளுக்குச் சொல்லிக் காட்டுகிறாளாம். விட்டுவிட்டேன். பில்டர் நாளைக்கு.